பெங்களூரில் பிறந்த மால்குடி

மால்குடி என்ற ஊருக்கு எந்த ரெயில் நிலையத்திலும் டிக்கெட் கிடைக்காது. தேசப்படத்தில் தேடினாலும் அந்த ஊர் அகப்படாது. ஆனால் அங்கே சரயு என்ற ஆறு ஓடுகிறது. மெம்பி மலை இருக்கிறது. மார்க்கெட் ரோடு, கபீர் தெரு, லாலி எக்ஸ்டென்ஷன், ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. பல நாட்டு வாசகர்கள் அந்தத் தெருக்களில் நடந்து பழகியவர்கள்.

அந்த ஊர் பிறந்தது பெங்களூரில். ஆண்டு 1930. அதை உண்டாக்கியவர், பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த 23 வயதுத் தமிழ் இளைஞர். அவர்தான் ஆர்.கே.நாராயண்.

அவர் பெயரைச் சொன்னால் பரிசுகளும் பட்டங்களும் நினைவுக்கு வரும். ஆனால் அவர் நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி எழுதிய 1930க்கும், முதல் நாவல் அச்சில் வந்த 1935க்கும் நடுவில் 5 ஆண்டுகள் ஓடின. பணம் இல்லாத ஆண்டுகள் அவை. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்த ஆண்டுகள். எழுத்தாளர் ஆக வேண்டும் என்று நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த 5 ஆண்டுகளின் கதைதான்.

புரசைவாக்கம் பாட்டி

ராசிபுரம் கிருஷ்ணசாமி நாராயணசாமி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி சென்னையில் பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி அய்யர் பள்ளித் தலைமை ஆசிரியர். ஊர் ஊராக மாற்றல் ஆகும் உத்தியோகம். தாயார் ஞானாம்பாளுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள். எனவே நாராயணசாமி புரசைவாக்கத்தில் அம்மா வழிப் பாட்டியிடம் வளர்ந்தார்.

பாட்டியின் பெயர் பார்வதி. எல்லோரும் அம்மணி என்றே அழைப்பார்கள். பேரனுக்கு வீட்டுப் பெயர் குஞ்சப்பா. அந்த வீட்டில் அவனுக்குத் தோழர்களாக ஒரு மயிலும் ஒரு குரங்கும் இருந்தன. பாட்டி கணக்கும் சுலோகங்களும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். இராமாயணம், மகாபாரதம், புராணக் கதைகள் எல்லாம் இரவில் பாட்டியின் வாய்வழியாகவே பேரனின் காதுக்குப் போயின. பேசும் மிருகங்களும் வரம் வாங்கிய அசுரர்களும் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரர்களைப் போல ஆகிவிட்டார்கள்.

பகலில் படித்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில். இரவில் பாட்டி சொன்ன கடவுளும் பகலில் வாத்தியார் சொன்ன கடவுளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிறுவனைக் குழப்பிய இந்த விஷயம், பின்னாளில் அவருடைய முதல் நாவலின் தொடக்கத்திலேயே இடம் பிடித்தது.

தந்தைக்கு மைசூர் மகாராஜா கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவி கிடைத்ததும் நாராயணசாமியும் மைசூருக்குப் போனார். அந்தப் பள்ளியின் நூல் நிலையம் பெரியது. தலைமை ஆசிரியரின் மகனுக்கு அதில் தடை ஏது? டிக்கன்ஸ், ஹார்டி, கானன் டாயில், உட்ஹவுஸ் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தார். லண்டனிலிருந்து வந்த இலக்கியப் பத்திரிகைகளையும் விடவில்லை.

பாடப் புத்தகங்கள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப் போனார். ஓராண்டு வீட்டில் இருந்தார். அந்த ஆண்டு முழுவதும் படிப்பதும் எழுதுவதுமாகக் கழிந்தது. பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து 1930இல் பி.ஏ. பட்டம் பெற்றார். எம்.ஏ. படிக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. எம்.ஏ.யில் இலக்கியத்தைப் பாடமாகப் படித்தால் இலக்கிய ஆசையே செத்துவிடும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். நாராயணசாமி அந்த யோசனையைக் கைவிட்டார்.

நல்ல நாள் பார்த்து

பட்டம் வாங்கிய பிள்ளைக்கு ஓர் உத்தியோகம் வேண்டாமா? தந்தை தமக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தார். அந்தச் சமயத்தில்தான் நாராயணசாமி பெங்களூரில் பாட்டியுடன் வந்து தங்கினார்.

நாவல் எழுதப் போவதாகப் பேரன் சொன்னபோது பாட்டி சிரிக்கவில்லை. குழந்தையை முதன்முதலாக எழுத வைக்க நாள் பார்ப்பது போல, இதற்கும் நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார். அந்த நாளில் நாராயணசாமி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொண்டு வந்து உட்கார்ந்தார். கையில் பேனா இருந்தது. என்ன எழுதுவது என்பது மட்டும் தெரியவில்லை.

அப்போது அவர் மனத்தில் ஒரு சிறிய ரெயில் நிலையம் தெரிந்தது. பிளாட்பாரத்தில் சாமிநாதன் என்ற பையன் ஓடிக்கொண்டிருந்தான். வண்டியில் இருப்பவர்களின் முகங்களை எட்டி எட்டிப் பார்த்தான். நிலையத்தின் பெயர் மால்குடி என்பதும் கூடவே வந்துவிட்டது. யோசித்து வைத்த பெயர் அல்ல அது.

மல்லேசுவரத்தின் முன்பாதியையும் பசவனகுடியின் பின்பாதியையும் சேர்த்தால் மால்குடி என்று பெங்களூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. திருச்சி ஜில்லாக்காரர்களுக்கு லால்குடி ஞாபகம் வரும். மைசூர்க்காரர்கள் தங்கள் ஊரின் ஜாடையைக் காண்பார்கள். நாராயண் மட்டும் கடைசி வரையில் எந்த ஊரையும் கை காட்டவில்லை. அது முழுக் கற்பனை என்பதே அவருடைய பதில்.

கற்பனை ஊர் என்பதில் ஒரு வசதி உண்டு. உண்மையான ஊரை எழுதினால், இந்தத் தெருவில் அந்தக் கடை இல்லையே என்று யாராவது திருத்த வருவார்கள். சொந்த ஊரை உண்டாக்கிக் கொண்டால் ஆற்றை வேண்டிய இடத்தில் ஓட விடலாம். ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. ஒரு கதையில் கிழக்கே வைத்த பள்ளிக்கூடத்தை அடுத்த கதையில் மேற்கே தூக்கி வைக்க முடியாது. நாராயண் அந்தக் கட்டுப்பாட்டுக்கு 60 ஆண்டுகளுக்கு மேல் உட்பட்டு எழுதினார்.

முதல் நாளில் கண்ட அந்த ரெயில் நிலையம் கடைசியில் நாவலின் முடிவுக்குப் போய்விட்டது. ஊரை விட்டுப் போகும் நண்பன் ராஜத்தை வழியனுப்பச் சாமிநாதன் நிலையத்துக்கு ஓடுகிறான். அவன் கையில் இருக்கும் பரிசு ஆண்டர்சனின் தேவதைக் கதைப் புத்தகம். நாவலின் முடிவு இப்படி ஆயிற்று என்றாலும், எழுத்தாளருக்குத் தொடக்கம் அந்த நிலையம்தான்.

அந்த நாட்களில் அவர் மொகலாய இளவரசன் ஒருவனைப் பற்றிய நாடகம் ஒன்றையும் எழுதிப் பார்த்தார். அதை யாரும் ஏற்கவில்லை. அரண்மனை அவர் பார்த்தறியாத இடம். மால்குடியும் இல்லாத ஊர்தான். ஆனால் அந்த ஊரின் வாத்தியார்களும் கடைக்காரர்களும், கிரிக்கெட் ஆடும் பையன்களும் அவர் அன்றாடம் பார்த்தவர்கள். ஊர் கற்பனை. அதில் நடமாடியவர்கள் தெரிந்த முகங்கள். அதனால்தான் அந்த ஊர் நிலைத்தது.

ஆண்டு வருமானம் ரூ.9, அணா 12

நாவல் ஒருபுறம் வளர்ந்துகொண்டிருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது?

தந்தையின் முயற்சியால் சென்னபட்டணம் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பெங்களூர் - மைசூர் ரெயிலில் போகிறவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். மரப்பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நாராயணசாமி அதிக நாள் இருக்கவில்லை. உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாக அந்த வகுப்பை நடத்தும்படி தலைமை ஆசிரியர் சொன்னார். இலக்கியம் சொல்லிக் கொடுக்க வந்தவருக்கு அது பொறுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். இனிமேல் எழுத்துதான் தொழில் என்று முடிவு செய்தார்.

தலைமை ஆசிரியர் ஒருவரின் வீட்டில் அந்த முடிவு எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். பட்டதாரிப் பிள்ளை காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் உலாவிவிட்டு வந்து அறைக்குள் உட்கார்ந்து எழுதுவார். கேட்பவர்களுக்கு அது வேலை என்று தோன்றாது. ஆனாலும் குடும்பம் அவரை விரட்டவில்லை. கூட்டுக் குடும்பம் என்பதால் சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் குறைவு வரவில்லை. அவருடைய எழுத்துக்கு முதல் ஆதரவு அந்த வீட்டுச் சாப்பாடுதான்.

பத்திரிகையில் வந்த அவருடைய முதல் எழுத்து கதை அல்ல. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடல் வாணிபச் சட்டங்களைப் பற்றிய ஒரு நூலுக்கு எழுதிய மதிப்புரை. கடலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. கிடைத்ததை எழுதினார்.

அந்த முதல் ஆண்டில் எழுத்தால் அவருக்குக் கிடைத்த மொத்த வருமானம் 9 ரூபாய் 12 அணா. அடுத்த ஆண்டு ‘இந்து’ பத்திரிகை ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு 18 ரூபாய் அனுப்பியது. அதற்கு அடுத்த ஆண்டு, குழந்தைகளுக்காக எழுதிய கதை ஒன்றுக்கு 30 ரூபாய் வந்தது. அந்தக் காசோலையை அவர் தந்தையிடம் கொடுத்தார். தந்தைக்கு மகிழ்ச்சி. மூன்று ஆண்டுக் கணக்கையும் கூட்டினால் 60 ரூபாய் கூடத் தேறாது. இருந்தாலும் 9 ரூபாய், 18 ரூபாய், 30 ரூபாய் என்று ஏறுமுகமாக இருந்ததே, அதுதான் அவருக்குத் தெம்பு.

செவ்வாய் தோஷம்

1933இல் அவர் கோயமுத்தூரில் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜம் என்ற பெண்ணைப் பார்த்தார். மனத்தைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்து வழக்கப்படி பெரியவர்கள் மூலம் கேட்கவில்லை. பெண்ணின் தந்தையிடம் தாமே நேரில் போய்க் கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளைக்கு உத்தியோகம் இல்லை என்பது ஒரு தடை. ஜாதகம் இன்னொரு தடை. அவருடைய ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய் இருந்தது. மனைவிக்கு ஆகாது என்று ஜோசியர்கள் சொன்னார்கள். எல்லாத் தடைகளையும் தாண்டி 1934இல் திருமணம் நடந்தது.

மனைவி வந்த பிறகு, எழுத்து மட்டும் போதும் என்று இருக்க முடியவில்லை. சென்னையிலிருந்து வந்த ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு மைசூர் நிருபர் ஆனார். அது பிராமணர் அல்லாதாரின் உரிமைக்காக நடந்த பத்திரிகை. அதற்கு ஓர் அய்யர் நிருபர் ஆனது அந்தக் காலத்தில் வேடிக்கைதான். செய்தியின் நீளத்தை அளந்து கூலி. எனவே கோர்ட்டு, மார்க்கெட், நகரசபை என்று தினமும் ஊரைச் சுற்றினார். திருட்டு வழக்கும் தெருச் சண்டையும் பொதுக்கூட்டமும் அவருக்குச் செய்தி ஆயின.

சம்பாத்தியம் சொற்பம். ஆனால் அந்த அலைச்சல் வீண் போகவில்லை. கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர், கடன் வாங்கவும் கொடுக்கவும் வழி சொல்கிறவர், அச்சுக்கூடக்காரர், மிட்டாய்க் கடைக்காரர் என்று எத்தனை விதமான மனிதர்கள்! அவர்களைப் போன்றவர்கள் பின்னாளில் ஒவ்வொருவராக மால்குடிக்குக் குடியேறினார்கள்.

நதியில் போட வேண்டிய பிரதி

சாமிநாதனின் கதை எழுதி முடிந்தது. கையெழுத்துப் பிரதி லண்டன் பிரசுரகர்த்தர்களுக்குக் கப்பல் தபாலில் போனது. போனபடியே திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் திரும்பியது.

மைசூர் நண்பர் பூர்ணா அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பிரசுரகர்த்தர் திருப்பிய பிரதி பூர்ணாவிடம் போய்ச் சேரும்படி ஏற்பாடு ஆயிற்று. நாராயணசாமிக்கு அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. பிரதியில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நண்பருக்கு எழுதிவிட்டார்.

நல்ல வேளை, நண்பர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நதிக்குப் போகாமல், அதே ஊரில் குடியிருந்த இளம் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் பிரதியைக் கொண்டு போய்க் கொடுத்தார். கிரீன் படித்தார். மைசூர்ப் பக்கத்தையே பார்த்திராத அந்த ஆங்கிலேயருக்குச் சாமிநாதனைப் பிடித்துவிட்டது. ஹமிஷ் ஹாமில்டன் என்ற பிரசுரகர்த்தரிடம் சிபாரிசு செய்தார். நாவல் ஏற்கப்பட்டது என்ற செய்தி தந்தியில் மைசூருக்கு வந்தது.

கிரீன் இன்னும் இரண்டு காரியம் செய்தார். நாவலுக்கு ‘சாமியும் நண்பர்களும்’ என்று பொருள்படும் தலைப்பைச் சொன்னார். நூல் நிலையத்தில் புத்தகம் கேட்டு வரும் ஆங்கிலேயரின் வாயில் நுழையும்படி ஆசிரியரின் நீண்ட பெயரைச் சுருக்கச் சொன்னார். ராசிபுரம் கிருஷ்ணசாமி நாராயணசாமி, ஆர்.கே.நாராயண் ஆனது இப்படித்தான். 1935 அக்டோபரில் புத்தகம் வெளிவந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதே ஆக்ஸ்போர்டில் இன்னொருவரும் இல்லாத உலகம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் டோல்கீன். பல்கலைக்கழகப் பேராசிரியர். சம்பளம் போதாமல் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கூடுதல் பணம் சம்பாதித்தார். 1930ஐ ஒட்டிய ஒரு நாளில், மாணவன் ஒருவன் எழுதாமல் விட்டிருந்த வெற்றுத் தாளில், வளையில் வசிக்கும் ஹாபிட் என்ற குள்ளப் பிறவியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதி வைத்தார். அது 1937இல் நாவலாக வெளிவந்தது. மாயக் கதை எழுதுகிறவர்களுக்கு இன்று அவர் பிதாமகர்.

டோல்கீனின் ஊரில் டிராகன் உண்டு. நாராயணின் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர் உண்டு. ஆனால் தொடங்கிய விதத்தில் அதிக வித்தியாசம் இல்லை. பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம், ஆக்ஸ்போர்டில் ஒரு தேர்வுத் தாள். இருவருக்கும் முதலில் வந்தது ஓர் இடமும் அதில் ஓர் ஆளும்தான். மற்றவை பின்னால் வந்தன.

மறுபடியும் ஒரு தொடக்கம்

புத்தகம் வந்துவிட்டதால் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள். விற்பனை சரியில்லை. ஹமிஷ் ஹாமில்டன் இரண்டாவது நாவலை ஏற்கவில்லை. கிரீன் மறுபடியும் அலைந்து வேறு பிரசுரகர்த்தரைப் பிடித்தார். அது 1937இல் வந்தது. மூன்றாவது நாவல் 1938இல் இன்னொரு பிரசுரகர்த்தரிடம் வந்தது. மூன்று நாவலுக்கு மூன்று பிரசுரகர்த்தர்கள்!

1937இல் தந்தை காலமானார். குடும்பப் பாரம் கூடியது. மைசூர் சமஸ்தானத்துக்காக ஒரு பயண நூல் எழுதிக் கொடுக்கும் வேலையை நாராயண் ஏற்றுக்கொண்டார்.

1939 ஜூன் மாதம் ராஜம் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். மணவாழ்க்கை 5 ஆண்டுகள்தான். கையில் சிறு பெண் குழந்தை ஹேமா. ஜாதகம் பலித்துவிட்டது என்று சுற்றத்தார் நினைத்திருக்கலாம். நாராயணுக்கோ, எழுத்தே போய்விட்டது. பேனாவைத் தொட மனம் வரவில்லை. அவர் பிறகு மறுமணம் செய்துகொள்ளவும் இல்லை.

துக்கத்தில் இருந்தவரைச் சென்னையில் ஒரு வக்கீலும் அவர் மனைவியும் ஆதரித்தார்கள். இறந்தவர்களுடன் பேசும் ஆவி எழுத்தில் ஈடுபாடு கொண்டவர்கள் அவர்கள். அங்கே ராஜத்திடமிருந்து செய்தி வந்ததாக நாராயண் நம்பினார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த நம்பிக்கை அவரை மீண்டும் எழுத வைத்தது. மனைவியை இழந்த ஆசிரியர் ஒருவர் அவளுடைய ஆவியுடன் பேசும் கதையை நாவலாக எழுதினார். ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ என்ற அந்த நாவல் 1945இல் வந்தது. அந்தத் துயரத்தையும் மால்குடிக்கே கொண்டு போனார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கற்பனை ஊர் அவருக்கு வெறும் பொழுதுபோக்கு இடமாக இருக்கவில்லை. அழுவதற்கும் அங்கே இடம் இருந்தது.

உலகப் போரின்போது லண்டன் பிரசுரகர்த்தர்களுடன் தொடர்பு அறுந்தது. நாராயண் மைசூரில் சொந்தமாகவே பதிப்பகம் தொடங்கினார். ‘இந்து’வில் அவருடைய கதைகள் தொடர்ந்து வந்தன. கடைக்குட்டித் தம்பி ஆர்.கே.லட்சுமண் அவற்றுக்குப் படம் வரைந்தார். பிற்காலத்தில் கார்ட்டூனால் நாடு முழுவதும் பெயர் பெற்ற அதே லட்சுமண்தான். மால்குடிக்கு முகம் கிடைத்தது தம்பியின் கோடுகளால்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1947இல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த ‘மிஸ் மாலினி’ படத்தின் கதை நாராயண் எழுதியது. ஜெமினி கணேசன் முதன்முதலாகத் திரையில் தலைகாட்டிய படம் அது.

பாட்டி கதைகள் திரும்பி வந்தன

1956இல் நாராயண் அமெரிக்கா போனார். பெர்க்லி நகரில் ஒரு ஓட்டலில் தங்கி அவர் எழுதிய நாவல்தான் ‘தி கைடு’. ஊர் கடல் கடந்து இருந்தாலும் கதை நடந்தது மால்குடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். அது 1958இல் வெளிவந்தது. 1960இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலுக்கு அகாடமி கொடுத்த முதல் பரிசு அது. கிரஹாம் கிரீனை அவர் நேரில் சந்தித்ததே முதல் நாவல் வந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதுவரையில் நட்பு தபாலில் நடந்தது.

வயது ஏற ஏறப் பாட்டி சொன்ன கதைகள் அவரிடம் திரும்பி வந்தன. 1961இல் வந்த மால்குடி நாவலில் ஒரு ராட்சச மனிதன் ஊருக்குள் புகுந்து அட்டகாசம் செய்கிறான். கடைசியில் தன் கையாலேயே தான் அழிகிறான். அது பஸ்மாசுரன் கதைதான். கோட்டும் ஜீப்பும் மட்டும் புதிது. 1983இல் வந்த நாவலில் ஒரு புலியே தன் கதையைச் சொல்கிறது. 1972இல் கம்பனைத் தழுவி இராமாயணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். நோய்ப்படுக்கையில் கிடந்த மாமாவுக்கு 1938இல் கொடுத்த வாக்கை அப்படி நிறைவேற்றினார்.

தமிழில் பேசி, கன்னட நாட்டில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். மூன்றில் எதுவும் மற்றொன்றுக்கு இடைஞ்சலாக அவருக்குத் தோன்றவில்லை. மால்குடியில் யாரும் யாரையும் நீ எந்த மொழிக்காரன் என்று முதலில் கேட்பதில்லை. பிழைக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஊரில் ஒரு திண்ணை உண்டு.

மாநிலங்களவைக்கு 1986இல் நியமிக்கப்பட்ட நாராயண் அங்கே தம் முதல் பேச்சில் எடுத்துக்கொண்ட விஷயம், பள்ளிப் பிள்ளைகளின் புத்தக மூட்டைச் சுமை. சாமிநாதனை அவர் மறக்கவே இல்லை. 2001ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, 94ஆம் வயதில் சென்னையில் காலமானார். 14 நாவல்களையும் ஏராளமான சிறுகதைகளையும் விட்டுச் சென்றார்.

புத்தகங்களுக்கு வெளியேயும் மால்குடி வளர்ந்தது. ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரைச் சங்கர் நாக் 1980களில் எடுத்தபோது, சிவமொக்கா ஜில்லாவில் உள்ள ஆகும்பேதான் மால்குடி ஆனது. அதே ஜில்லாவில், தொடரில் இடம்பெற்ற அரசாளு ரெயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகம் ஆயிற்று. யஷ்வந்த்பூருக்கும் மைசூருக்கும் இடையே ஓடிய ரெயில் ஒன்றுக்கு ‘மால்குடி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீடு 2016 முதல் நினைவு இல்லம்.

ஆனால் 1930இல் இவை எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பேரன் எழுதுவதை வேலை என்று ஏற்றுக்கொண்ட பாட்டி இருந்தார். சோறு போட்ட குடும்பம் இருந்தது. பின்னால், பிரதியை நதியில் போடாத நண்பர் வந்தார். நாராயண் தம் பங்குக்குச் செய்தது ஒன்றுதான். ஆண்டு வருமானம் 9 ரூபாய் 12 அணாவாக இருந்தபோதும் மறுநாள் காலையில் உட்கார்ந்து எழுதினார். அம்மணிப் பாட்டி பார்த்துக் கொடுத்த நாள் நல்ல நாள்தான் என்பது தெரிய 5 ஆண்டுகள் பிடித்தன.